முள் பொய் சொல்லாதிருக்க...

மகிழுந்தின் முகப்பில் இருக்கும் மீட்டர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். எண்ணெய் முள் கீழே இறங்கினால் எண்ணெய் நிலையத்தைத் தேடுகிறோம். வெப்ப முள் மேலே ஏறினால் பதறுகிறோம். ஆனால் அந்த முள் எப்படி நகர்கிறது, அது சொல்வது உண்மைதானா என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருப்போம்?

நான் மின்னியல் பொறியியல் இறுதியாண்டு மாணவி. தமிழ்ப்பள்ளியில் ‘மின்சுற்று’ என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது ‘லித்தார்’ ஆனது, பல்கலைக்கழகத்தில் ‘சர்க்யூட்’ ஆனது. கடந்த ஆண்டு விடுமுறையில் கிள்ளானில் உள்ள என் மாமாவின் வயரிங் பட்டறையில், ஒரு ‘கிட் கார்’ முகப்பில் 1960-களின் ஸ்மித்ஸ் மீட்டர்களைப் பொருத்தும் வேலையில் உதவினேன். அங்கு வேலை பழகும் தம்பி மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். “அக்கா, இதையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுங்களேன்” என்று கேட்டான். அவனுக்காக எழுதியதையே நம் வாசகர்களுக்கும் தருகிறேன்.

கிட் கார் என்றால் என்ன?

உதிரிப் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் மகிழுந்துதான் கிட் கார். பிரிட்டனில் முழு மகிழுந்துக்குக் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. எனவே, காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ‘செவன்’ போன்ற வண்டிகளைப் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டினார்கள். 1973-இல் அந்த வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் இச்சலுகை மறைந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு மாறியது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. 1996-இல் புரோட்டோன் நிறுவனம் லோட்டசின் பெரும்பங்கை வாங்கியது, 2017-இல் அது சீனாவின் கீலி நிறுவனத்துக்குக் கைமாறியது.

முதலில் ‘எர்த்’

பழைய இரும்பு மகிழுந்தில் மின்கலத்திலிருந்து மீட்டருக்கு ஒரு வயர் போனால் போதும். மின்னோட்டம் திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்பே பாதையாகும். கிட் கார்கள் பலவற்றின் உடம்போ கண்ணாடி இழையால் ஆனது. அதில் மின்சாரம் பாயாது. எனவே ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கிருந்து மின்கலத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எஞ்சினுக்கும் தடித்த எர்த் வயர் தேவை. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் வேறு வழியைத் தேடும். சோக் கம்பி, எக்சலரேட்டர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள் எதுவாக இருந்தாலும் அதன் வழியே பாயும், கம்பி பழுக்கக் காயும். முகப்புக்குப் பின்னால் தீப்பிடிக்க இதுவே போதும். “மீட்டர் ஓடவில்லை என்றால் மீட்டரைக் கழற்றாதே, முதலில் எர்த்தைப் பார்” என்பது மாமாவின் வேதவாக்கு.

மெதுவாக ஏறும் முள்

பழைய ஸ்மித்ஸ் எண்ணெய், வெப்ப மீட்டர்கள் இரு வகைப்படும். ஒரு வகையில், சாவியைத் திருப்பியதும் முள் உடனே துள்ளும். அது காந்தச் சுருளால் இயங்குவது. மற்றொன்றில் முள் மெல்ல மெல்ல ஏறும். அதனுள் ஓர் ஈருலோகப் பட்டை உள்ளது. அதைச் சுற்றிய கம்பி சூடாகும்போது பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும்.

மெதுவாக ஏறும் வகைக்கு மின்கலத்தின் 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கக்கூடாது. நடுவே ‘ஸ்டெபிலைசர்’ என்ற சிறு பெட்டி வேண்டும். அது மின்னோட்டத்தை விட்டு விட்டு அனுப்பிச் சராசரியாக 10 வோல்ட் ஆக்கும். இப்பெட்டிக்கும் எர்த் அவசியம். அது விட்டுப்போனால் முழு வோல்ட்டும் பாய்ந்து எல்லா முட்களும் கூடுதலாகக் காட்டும். நெகட்டிவ் எர்த் வண்டியில் இப்பெட்டிக்குப் பதிலாக 7810 என்ற சிறு மின்னணுச் சில்லையும் பொருத்தலாம்.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. எல்லா முட்களும் சேர்ந்து தவறினால் முதலில் ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் பாருங்கள். ஒரு முள் மட்டும் தவறினால் அதற்குரிய சென்டரையும் வயரையும் பாருங்கள்.

மீட்டரும் சென்டரும்

எண்ணெய்த் தொட்டியில் மிதக்கும் சென்டர், அளவுக்கேற்ப மின்தடையை மாற்றும். ஐரோப்பிய வகை ஒன்றில் தொட்டி காலியாக இருந்தால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க வகையில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. முன்னதன் சென்டரைப் பின்னதன் மீட்டரோடு இணைத்தால் என்ன ஆகும்? காலித் தொட்டியை ‘நிறைவு’ என்று காட்டும்! எனவே வாங்கும் முன் மல்டிமீட்டரால் அளந்து பொருத்தம் பார்க்க வேண்டும்.

சுழற்சி, எண்ணெய் அழுத்தம், ஆம்ப்

எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டரில் ‘ஆர்விஐ’ என்ற வகையில், இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரே மீட்டரின் வழியாகச் சென்று வரும். ‘ஆர்விசி’ வகையில் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் வந்தால் போதும். 1960-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் எர்த் கொண்டவை. அக்கால டேக்கோமீட்டரை மாற்றியமைக்காமல் நெகட்டிவ் எர்த் வண்டியில் இணைத்தால் அது பழுதாகும்.

பழைய எண்ணெய் அழுத்த மீட்டருக்கு மின்சாரமே வேண்டாம். எஞ்சினின் சூடான எண்ணெய் ஒரு குழாய் வழியே மீட்டருக்குள்ளேயே வந்து, வளைந்த குழல் ஒன்றை நிமிர்த்தப் பார்க்கும். செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும் என்பதால், நடுவே ஒரு சுருள் விட்டுப் பொருத்துவார்கள். வெப்ப முள்ளும் சேர்ந்த இரட்டை மீட்டரில் ஈதர் அடைத்த மெல்லிய குழாய் இருக்கும். நீளம் அதிகமென்று அதை வெட்டினால் மீட்டரின் கதை முடிந்தது.

வண்டி உரிமையாளர் ஆம்ப் மீட்டரும் வேண்டுமென்றார். ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் மின்னோட்டமெல்லாம் அதன் வழியே வரவேண்டும். ஒரு முனை தளர்ந்தாலும் ஆபத்து. மாமா மறுத்துவிட்டு வோல்ட் மீட்டரைப் பொருத்தினார். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் மின்கலம் சார்ஜ் ஆகிறது என்று பொருள்.

நிறமும் ஃபியூசும்

பிரிட்டிஷ் வயரிங்கில் நிறமே மொழி. பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை சாவியைத் திருப்பினால் வருவது. பச்சை அதே மின்சாரம் ஃபியூசைக் கடந்த பின். கறுப்பு எர்த். கையில் கிடைத்த நிறத்தில் வயர் இழுத்தால் பின்னால் பழுது பார்ப்பவர் திண்டாடுவார். இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூசில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அதற்குப் பதிலாக இன்றைய 35 ஆம்பியர் ஃபியூசைப் போட்டால், ஃபியூஸ் உருகுமுன் வயர் உருகிவிடும்.

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற மறவாதீர்.

நண்பர்களே, பட்டறைகளில் இந்த அறிவு கைவழியாகவும் வாய்வழியாகவும் மட்டுமே வாழ்கிறது. மாமாவுக்கு இப்போது நுண்ணிய எழுத்துகள் தெரிவதில்லை. வயரின் நிறத்தைத் தம்பிதான் சொல்கிறான். அவன் இந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கருவிப்பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறான். உங்கள் துறையிலும், உங்கள் வீட்டருகேயும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார். அவருக்காக நான்கு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள்.