நெடுந்தீவின் வலைகள்

யாழ்ப்பாணத் தீவுகளுள் கடைக்கோடியில் கிடப்பது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். பவளக்கல் மதில்களுக்கிடையே எளிய மீனவர் குடியிருப்புகள். 1985 மே 15 அன்று, 'குமுதினி' படகில் சென்ற இத்தீவினர் பலர் நடுக்கடலில் வெட்டுண்டு மாண்டனர். 2009-இல் போர் ஓய்ந்தது; வலைகளுக்கோ ஓய்வில்லை. நம் கரையிலிருந்து செல்லும் இழுவைப் படகுகள் கடலடியை வாருகையில் அவை அறுபடுகின்றன. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது.

பீளமேட்டிலிருந்து கடல் நெடுந்தொலைவு. எனினும் நம் மீனவர் சிறைப்படும்போது நாம் வருந்துகிறோம். அறுந்த வலையின்முன் நிற்கும் அத்தமிழ்க் குடும்பத்தையும் நினைக்க வேண்டாமா? கச்சத்தீவுப் புனித அந்தோனியார் திருவிழாவில் இரு கரையினரும் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்டவரன்றோ! அவ்வுறவு கடலிலும் நிலைக்க மன்றாடுவோம்.