ரத்தம் ஊற ஒரு பயறுக் குழம்பு



போன மாதக் குழுக் கூட்டத்தில் சந்தா, கடன் தவணை எல்லாம் வரவு வைத்து நோட்டை மூடும் நேரத்தில் ஒரு அக்கா, "நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குதும்மா, வயசாயிடுச்சு போல" என்றார். அவருக்கு இன்னும் நாற்பது முடியவில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப்போய் விரலில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9-தான் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்கும், கர்ப்பிணிக்கு 11-க்கும் குறைந்தால் அது ரத்தசோகை. "நல்லாத்தானே சாப்பிடறேன்" என்றார் அக்கா. என்னதான் சாப்பிடுறீங்கன்னு கேட்டோம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சிய குழம்புத் தண்ணியும் சோறும். கை கழுவின கையோடு ஒரு டீ.

சிரிக்காதீங்க, நம்மில் பாதிப் பேர் வீட்டிலும் இதேதான். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களைப் பரிசோதித்தபோது 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. நம் குழுவில் 12 பேர் என்றால் 6 பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ரத்தம் ஊற ஈரல் சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, மாதுளை சாப்பிடு என்று சொல்வார்கள். நல்லதுதான். தினம் வாங்க நம்மால் ஆகுமா? அதனால் நம் கைக்கு எட்டுகிற ஒன்றைப் பார்ப்போம். கடலைக்காட்டில் ஊடுபயிராகப் போடுகிறோமே, தட்டைப்பயறு. சில ஊர்களில் காராமணி என்பார்கள். 100 கிராம் பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இரும்புச்சத்து இருக்கிறது. ரத்தம் உற்பத்தியாக வேண்டிய போலிக் அமிலமும் நிறைய இருக்கிறது. கறி எடுக்காத நாளில் இதுதான் நமக்குக் கறி.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 கிராம், அதாவது ஒரு டம்ளர் பயறு போதும். பல வீடுகளில் வறுத்து அப்படியே வேக வைப்பது வழக்கம். வாசனையாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரியே ஊற வைத்து, காலையில் தண்ணியை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, மறுநாள் முளை விட்டதும் சமைத்தால் பலன் கூடுதல். பயறில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கிற ஒரு பொருள் தோலிலும் பருப்பிலும் இருக்கிறது. ஊற வைக்கும்போதும் முளைக்கும்போதும் அது குறைந்துவிடும். வயிற்று உப்புசமும் குறையும். முளை கட்டினால் சீக்கிரம் வேகும், விறகும் கேஸும் மிச்சம்.

மசாலாவுக்கு வருவோம். வரமிளகாய் ஆறு, மல்லி மூன்று கரண்டி, சீரகம் ஒரு சின்னக் கரண்டி, மிளகு அரைக் கரண்டி. எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வறுத்து, நாலு சின்ன வெங்காயம், ஒரு கீற்றுத் தேங்காய் சேர்த்து அரைத்துக்கொள்ளணும். மிளகாயைக் கூட்டாதீங்க. காரம் ஏறினால் பிள்ளைகள் பயறை ஒதுக்கிவிட்டுத் தண்ணியைக் குடிப்பார்கள்.

மிளகாய் பற்றி ஒரு வார்த்தை. தூள் ரத்தச் சிவப்பாக இருந்தால் நல்ல தூள் என்று நம்பி விடுகிறோம். 2003-ல் நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மிளகாய்த்தூளில் சூடான் என்ற சாயம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். துணிக்கும் மெழுகுக்கும் போடுகிற சாயம் அது, உணவில் சேர்க்கத் தடை உள்ளது. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணியில் தூளை மேலாகத் தூவுங்க. தண்ணிக்குள் நிறம் கோடு கோடாக இறங்கினால் சாயம் கலந்திருக்கலாம். அடியில் தங்கியதை விரலால் தேய்த்து நறநறவென்று இருந்தால் செங்கல் தூளோ மணலோ. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை குண்டு மிளகாய் வாங்கி நாமே காயவைத்து மில்லில் அரைத்துவிடலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, தெரியுமா? வாங்கும்போது உள்ளே கறுப்பு பூத்ததை, ஈரம் உள்ளதைப் பொறுக்கித் தள்ளிடணும். பூஞ்சை பிடித்த மிளகாயில் ஈரலைக் கெடுக்கிற விஷம் உண்டாகும். அரைத்தாலும் வறுத்தாலும் அது போகாது.

இனி குழம்பு. வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, மூன்று தக்காளியை வெட்டிப் போட்டுக் குழைய வதக்கி, நாலு கத்திரிக்காய், அரைத்த மசாலா, மஞ்சள்தூள், கொஞ்சம் புளிக்கரைசல் விட்டுக் கொதிக்க விடணும். பச்சை வாசனை போனதும் வெந்த பயறைச் சேர்த்து, வெந்த தண்ணியையும் கீழே கொட்டாமல் அதிலேயே ஊற்றணும். இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் இரண்டு கை முருங்கைக்கீரை. எண்ணெய் மூன்று கரண்டி தாராளம். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், சின்னக் கரண்டி ஒன்று போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

பரணில் மாமியார் காலத்து இரும்புச் சட்டி கிடக்கா? கழுவி எடுங்க. தக்காளி, புளி போட்டு இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தால் சட்டியிலுள்ள இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். குழம்பு கொஞ்சம் கறுக்கும், ருசியும் சற்று மாறும். பழகிக்கொள்ளலாம். ஆனால் சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிடணும்.

இவ்வளவும் செய்து கடைசியில் கெடுப்பது டீதான். பயறு, கீரையில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும், டீயும் காபியும் தடுத்துவிடும். எலுமிச்சையைக் கொதிக்கிற குழம்பில் பிழியாமல் தட்டில் பிழியுங்க, சூட்டில் சத்துப் போய்விடும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

நம்ம அக்கா போல 9-க்கு இறங்கியவர்களுக்குக் குழம்பு மட்டும் பத்தாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தருகிற இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடணும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீங்க.

பரிமாறும் விஷயத்தில் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். குழம்பு இறக்கியதும், யாருக்கும் ஊற்றும் முன்னாலேயே, அடியிலிருந்து பயறோடு ஒரு கிண்ணம் நமக்கென்று எடுத்து மூடி வைத்துவிடுவது. "வீட்டுல என்ன நினைப்பாங்க" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அவள் மாமியாரே இப்போது எடுத்து வைக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கிண்ணத்தை எத்தனை பேர் எடுத்து வைத்தீங்கன்னு கேட்போம், தீர்மான நோட்டிலேயே எழுதப் போகிறோம்.