வசம்பின் எண்ணெயும் அதன் இரசாயனக் கூறுகளும்

'பிள்ளை வளர்ப்பான்' என்னும் பெயரே வசம்பின்மீது எம்மக்கள் வைத்துள்ள நம்பிக்கையைக் காட்டும். அதனை விளக்குச் சுடரிற் கருக்கி, கல்லில் உரைத்து, தேனுடன் குழைத்துக் குழந்தையின் நாவில் தடவுவர். சேமித்த தானியத்தில் பூச்சி அண்டாதிருக்கவும் அதன் தூளையே இடுவர். ஒரே பொருள் மகவுக்கு மருந்தாகவும் பூச்சிக்கு நஞ்சாகவும் அமைவது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடையை நாம் அதன் எண்ணெயிலே தேடுதல் வேண்டும்.

நாம் வேர் என வழங்குவது உண்மையில் நிலத்தடியிற் படரும் வேர்த்தண்டுக்கிழங்காகும். அதனைக் கொதிநீராவியாற் காய்ச்சிவடிக்கும்போது நறுமண எண்ணெய் பெறப்படும். அவ்வெண்ணெயின் கூறுகளுள் முதன்மையாக ஆராயப்பட்டது பீற்றா-அசரோன் ஆகும். இதன் மூலக்கூறு 12 காபன், 16 ஐதரசன், 3 ஒட்சிசன் அணுக்களைக் கொண்டது. பென்சீன் வளையத்தில் மூன்று மெதொட்சிக் கூட்டங்களும், இரட்டைப் பிணைப்புடைய ஒரு பக்கச் சங்கிலியும் இணைந்துள்ளன. அல்பா-அசரோன் இதன் சமபகுதியமாகும். இரட்டைப் பிணைப்பைச் சூழ்ந்த கூட்டங்களின் அமைவில் மட்டுமே இரண்டும் வேறுபடும். பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதித்து அவை பெருகாது தடுப்பது பீற்றா-அசரோனே.

எனினும் எல்லா வசம்பும் ஒன்றன்று. 24 நிறமூர்த்தங்களையுடைய வட அமெரிக்க இருமடிய இனத்தின் எண்ணெயிற் பீற்றா-அசரோன் காணப்படுவதில்லை. 36 நிறமூர்த்தங்களையுடைய ஐரோப்பிய மும்மடிய இனத்தில் அது சிறுபங்காகவே உண்டு. இந்தியாவிலும் கிழக்காசியாவிலும் காணப்படும், 48 நிறமூர்த்தங்களையுடைய நான்மடிய இனத்திலோ எண்ணெயின் பெரும்பகுதி அதுவேயாகும். எனவே ஐரோப்பிய வசம்பை ஆராய்ந்து கண்ட முடிவுகளை எமது பிரதேசத்து வசம்புக்கு அவ்வாறே பொருத்துதல் தவறாகும்.

இவ்வேறுபாடு ஏட்டளவிலான ஒன்றன்று. 1967இல் வெளியான ஆய்வொன்றில், இந்திய வசம்பெண்ணெய் கலந்த உணவை நெடுங்காலம் உண்ட எலிகளின் சிறுகுடலிற் புற்றுக்கட்டிகள் தோன்றியமை கண்டறியப்பட்டது. 1968இல் ஐக்கிய அமெரிக்கா வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது.

கருக்கும்போது ஆவியாகும் கூறுகளில் ஒரு பகுதி நீங்கும் எனலாம். ஆயினும் கருக்கும் அளவு கைக்குக் கை வேறுபடும். உட்பகுதி வேகாது எஞ்சவுங் கூடும். முன்னோர் அனுபவத்தை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. அவர்கள் கண்ட பயனுக்கும் இன்று நாம் அஞ்சும் தீங்குக்கும் ஒரே மூலக்கூறு காரணமாக இருத்தல் கூடும் என்பதையே வலியுறுத்துகின்றோம். கடையில் வாங்கும் துண்டின் நிறமோ மணமோ அதன் மடியத்தை அறிவிக்காது. ஆதலின், பகுத்தாராய்ந்து அளவு அறியப்படாத வசம்பைக் குழந்தையின் நாவில் வைக்காதிருப்பதே அறிவுடைமையாகும்.