கோணங்கியின் கடற்கரை

கொச்சிக்கடையில் மகா ஓயாப் பாலத்தைக் கடந்ததும் மேல் மாகாணம் முடிந்து புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. வைக்கால், வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல் என்று கற்பிட்டி வரை கடலை ஒட்டியே போகும் கரை இது. பாலம் கச்சேரிக்காரருக்குத்தான் எல்லை. சனங்களுக்கு நீர்கொழும்பும் சிலாபமும் ஒரே கடல், ஒரே கோயில் திருநாள், பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். முதலாவது சிங்களப் பேசும்படத்தில் சனங்களைச் சிரிக்க வைத்தவர்கள் இந்தக் கரையிலிருந்துதான் போனார்கள். அவர்களைப் படம் பிடித்தது மதுரை.

'கடவுணு பொரொந்துவ', அதாவது உடைந்த வாக்குறுதி, 1947 சனவரி 21ஆம் திகதி கொழும்பு மைலன் தியேட்டரில் திரைக்கு வந்தது. அந்த நாளையே சிங்களச் சினிமாவின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். படத்தின் தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம் தமிழர். மதுரையில் அவருடைய சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில்தான் படப்பிடிப்பு நடந்தது. இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற இந்தியர், இசை நாராயண ஐயர். கதையும் நடிகர்களும் மட்டும் நீர்கொழும்புச் சரக்கு. பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன எழுதி, தன் மினர்வா நாடகக் குழுவோடு மேடையில் போட்டுப் போட்டுப் பழக்கிய நாடகத்தை அப்படியே கட்டிக்கொண்டு போய்க் கமராவுக்கு முன் இறக்கினார்கள்.

கதாநாயகி ருக்மணி தேவி. தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியும், பின்னணி தெரியாது. 1923இல் றம்பொடையில், கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். சிங்களத் திரையின் முதல் நாயகி ஒரு ராசம்மா! அவர் கைப்பிடித்தது எழுத்தாளர் ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்னவை. எடி அந்தப் படத்தில் காதலன் இல்லை, சிரிப்பு நடிகர். நாயகி ஒருவரைத் திரையில் காதலிப்பார், வீட்டில் கோமாளியோடு குடித்தனம் நடத்துவார். இந்த விசித்திரத்தைச் சனங்கள் ரசித்தார்கள் என்றே நினைக்கிறேன், எடியின் புகழ் ருக்மணியின் புகழுக்குக் குறைந்ததாக இருக்கவில்லை.

சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் படத்தைப் பற்றி வழக்கமாக ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்: மேடை நாடகத்தைப் படம் பிடித்தார்கள், தென்னிந்தியச் சூத்திரம், அழுகை, பாட்டு, நடுவில் சம்பந்தமில்லாத சிரிப்பு. குற்றச்சாட்டு முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அந்தச் 'சம்பந்தமில்லாத சிரிப்பு' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விஷயம் வேறு திசையில் போகும். அதற்குக் கரையோரமாக வடக்கே, சிலாபம் வரை வரவேண்டும்.

சிங்களத்தில் 'நாடகம' என்றொரு கூத்து வடிவம் உண்டு. இரவிரவாக, பல இரவுகள் தொடர்ந்து, மத்தளத்தோடு ஆடிய பாட்டுக்கூத்து. நம் தெருக்கூத்து, நாட்டுக்கூத்து மரபிலிருந்து அது எடுக்கப்பட்டதென்பதில் ஆய்வாளர்களுக்குப் பெரிய சண்டை இல்லை. மெட்டும் தமிழ், சொற்கள் பலவும் தமிழ். அதை முதலில் கையிலெடுத்தவர்கள் சிலாபத்திலிருந்து கொழும்பு வரையான கத்தோலிக்கக் கரையோர மக்கள். மிகப் பழைய நாடகமப் பிரதிகளில் ஒன்றான 'ராஜ துன்கட்டுவ' சிலாபத்துக் கபிரியேல் பெர்னாண்டோ எழுதியதென்று சொல்லப்படுகிறது. குழந்தை யேசுவைத் தேடிவந்த மூன்று அரசர்களின் கதை. மன்னார்ப் பக்கத்தில் இதே கதையை 'மூவிராசாக்கள் நாடகம்' என்று தமிழில் ஆடினார்கள், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் அதைப் பதிப்பித்தார். ஒரே கடற்கரையில் ஒரே மூன்று அரசர்கள், ஓர் ஊரில் தமிழ் பேசினார்கள், இன்னோர் ஊரில் சிங்களம் பேசினார்கள்.

இந்தக் கரையின் பக்திக்கே இரண்டு நாக்கு. சிங்களத்திலும் தமிழிலும் நூல் எழுதிக் குவித்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் 1742இல் உயிர் விட்டது வென்னப்புவவுக்கு அருகே போலவத்தையில். பாடுகளின் கூத்துக்கும் பிரசங்கத்துக்கும் அவர் வார்த்தைகள் இரு மொழியிலும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டன.

கூத்துக்கே திரும்புவோம். 'நாடகம'வில் அரசனும் மந்திரியும் வருவதற்கு முன் மேடைக்கு யார் வருவார்கள் தெரியுமா? பொத்தே குரு, நம் அண்ணாவியார் மாதிரி, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கதையைத் தொடக்கி வைப்பவர். அவரைத் தொடர்ந்து கோணங்கி. பெயரைக்கூட மாற்றவில்லை. கோமாளி, கட்டியக்காரன், பபூன் என்று நாம் எத்தனை பெயரில் அழைக்கிறோமோ அத்தனையும் சேர்ந்த ஆள். அவனுக்குக் கதையில் வேலை கிடையாது. சனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும், கூட்டத்தை அமர்த்த வேண்டும், ராசாவை நக்கலடிக்க வேண்டும். கதைக்கு உள்ளே ஒரு காலும் வெளியே சனங்களுக்கு நடுவில் ஒரு காலுமாக நிற்பவன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பார்சி நாடகக் கம்பெனிகள் கொழும்புக்கு வந்தன. திரைச்சீலையும் ஹார்மோனியமும் கொண்ட 'நுர்த்தி' பிறந்தது. வட்டக்களரிக் கூத்து நகரத்தில் மவுசு இழந்தது. ஆனால் கோணங்கிக்கு வேலை போகவில்லை. பின்னால் அரண்மனையைக் கழற்றிக் காடு கட்டும் வரை முன்திரைக்கு முன்னால் யாராவது நின்று ஆட்களைப் பிடித்து வைக்க வேண்டுமே! அந்த இடைவேளைதான் மேடைச் சிரிப்பு நடிகனின் ராச்சியம். மினர்வாவின் சமூக நாடகங்களில் அவன் வேட்டியை மாற்றிக்கொண்டு வீட்டு எடுபிடியாகவும் ஊர்ச் சண்டியனாகவும் வந்தான். எடி ஜயமான்ன கற்றது இந்தப் பள்ளியில். நாடகமவின் கோணங்கி நேராக எடியிடம் வந்து சேர்ந்தான் என்று பரம்பரைப் படம் வரைய நான் வரவில்லை. ஆனால் அந்த வேலை ஒன்றுதான், அந்தக் கரையும் ஒன்றுதான்.

மதுரைக்கு இது புதிதா என்ன? சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் பாலர் சபா நடத்திய ஊர் அது. இன்றும் மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் வருவதற்கு முன் பபூனும் டான்ஸ்காரியும் வந்து ஒரு மணி நேரம் அடிக்கும் லூட்டிக்குத் தனிக் கூட்டம் உண்டு. தமிழ்ப் படங்களில் அதற்கு முன்பே என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் கணவன் மனைவியாகவே சிரிப்புப் பகுதியைத் தனிக்கடையாக நடத்திக் காட்டியிருந்தார்கள். கிருஷ்ணனும் வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனியிலும் கிடந்து உருண்டு வந்தவர்தான். ஆகவே நீர்கொழும்புக் கோமாளி வந்து நின்றபோது மதுரை ஸ்டூடியோக்காரர்களுக்கு அவரை எங்கே வைப்பது என்ற குழப்பம் இருந்திருக்காது. மொழி புரியாவிட்டாலும் ஆளைப் புரிந்திருக்கும்.

சின்னச் சினிமா நாடுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது. நோர்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய முதற் பேசும்படமும் ஒரு மேடைச் சிரிப்பு நாடகம்தான். ஒஸ்கார் ப்ராத்தன் எழுதிய அதன் பெயருக்கு 'பெரிய ஞானஸ்நானம்' என்று பொருள். தொழிலாளர் குடியிருப்பொன்றின் கதை, 1931இல் படமானது. இயக்கிய இருவரில் ஒருவர் ஹென்ரிக் இப்சனின் பேரன் தான்க்ரெட் இப்சன், மற்றவர் மேடை நடிகர் ஐனார் சிசெனர். சிசெனர் படத்திலும் நடித்தார், நாயகியாக வந்த ஓசே பியூவும் மேடைக்காரிதான். காரணம் எளிது. ஒலிவாங்கியை நகர்த்த முடியாத காலத்தில் ஒரே மூச்சில் வசனத்தைத் தவறாமல், கணீரென்று பேசத் தெரிந்தவர்கள் மேடையில்தான் இருந்தார்கள். அதிலும் சிரிப்பு நடிகனுக்கு எங்கே நிறுத்த வேண்டும், எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்பது உடம்பில் ஊறிய கணக்கு. ஸ்டூடியோவில் சிரிக்க ஆள் இல்லாதபோதும் சனம் சிரிக்கும் நேரத்தை விட்டுத்தான் அடுத்த வசனத்தைத் தொடங்குவான். பழைய படங்களில் அந்த மௌனத்தைக் கவனித்துப் பாருங்கள், பட்டிக்காட்டுக் கொட்டகையில் அது மௌனமாக இருந்திருக்காது.

1948இல் 'கபடி ஆரக்ஷகயா', 'வெரதுணு குருமானம' என்று ஜயமான்னவின் கதைகள் அடுத்தடுத்துப் படமாயின. சில வருடங்களுக்குச் சிங்களச் சினிமா என்றால் மினர்வா என்றாகிவிட்டது. பிறகு 1956 வந்தது.

அந்த வருடம் நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. நவம்பர் 3ஆம் திகதி எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பில் மேடையேறியது. படித்தவர்கள் ஒதுக்கிவைத்திருந்த 'நாடகம' வடிவத்தையே அவர் கையிலெடுத்தார். பேராதனைப் பேராசிரியரின் கை பட்டதும் பழைய கரையோரக் கூத்து நாட்டின் உயர்ந்த கலையாகிவிட்டது. டிசம்பர் கடைசியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வந்தது. ஸ்டூடியோவை விட்டு வெளியே, கிராமத்து வெயிலில் எடுத்த படம். சிங்களச் சினிமா தென்னிந்திய ஸ்டூடியோவிலிருந்தும் நாடகக் கொட்டகையிலிருந்தும் விடுதலை பெற்றது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆக, இரண்டு மாதத்துக்குள் மேடை கூத்தைக் கும்பிட்டு உள்ளே அழைத்தது, சினிமா கூத்தாடிக்குக் கதவைக் காட்டியது. 'ரேகாவ' பெரிய படம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை உயர்த்துவதற்கு எடி ஜயமான்னவைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கரையிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. சிலாபம் மறைமாவட்டத்தை 1940 முதல் 1972 வரை ஆண்ட ஆயர் எட்மண்ட் பீரிஸின் காலத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் சிங்களத்துக்கு மாறின. தமிழில் செபம் சொல்லி வளர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் எழுதப் படித்தார்கள். அதே ஆயர்தான் சிங்கள 'நாடகம'வின் தோற்றம் பற்றி ஆழமான ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அவரைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் அதில் பாதியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

தமிழில் இந்தச் சிரிப்புக்குத் திரை கிடைக்கப் பின்னும் இருபது வருடம் பிடித்தது. கிடைத்தபோதும் மேடை வழியாக நேரே வரவில்லை, வானொலியைச் சுற்றி வந்தது. எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' இலங்கை வானொலியில் ஒலித்த நேரம் தெருவில் ஆள் குறைந்துவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராமதாஸ் முஸ்லிம்களின் தமிழ் பேசும் மரிக்கார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழோடு உபாலி. பி.எச். அப்துல் ஹமீது பிராமணத் தமிழில் ஐயர். இந்து மரிக்காராகவும் முஸ்லிம் ஐயராகவும் வந்து ஒருவர் தமிழை ஒருவர் பேசினார்கள், யாருக்கும் கோபம் வரவில்லை. 1976இல் எஸ். ராமநாதன் இயக்க, எம். முகம்மது தயாரிப்பில் 'கோமாளிகள்' படமாக வந்தது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் சனம் உண்மையாகவே திரண்டு பார்த்தவற்றில் ஒன்று. இரண்டு வருடம் கழித்து 'ஏமாளிகள்'.

இந்த நகைச்சுவையைக் கொழும்புச் சரக்கு என்பார்கள். புத்தளம் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கற்பிட்டி முஸ்லிம்களின் தமிழ், உடப்புச் சம்மாட்டியின் தமிழ், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் தமிழ், சிலாபத்துச் சிங்களவரின் உடைந்த தமிழ் எல்லாம் ஒரே பஸ்ஸில் மிச்சக்காசுக்குச் சண்டை பிடிக்கும். ராமதாஸ் நாலு பாத்திரமாகப் பிரித்து எழுதியது இங்கே தினசரி நடப்பு. இதிலிருந்து இன்னும் ஒரு நல்ல நகைச்சுவைப் படம் வரவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

ருக்மணி தேவி 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் பாடிவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜாஎலைக்கு அருகே துடெல்லையில் கார் விபத்தில் இறந்தார். எடி 1981இல் போய்ச் சேர்ந்தார். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலப்பிரதிகள் சாம்பலாயின. இலங்கையில் எடுத்த பழைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று நினைத்தாலும் பார்க்க முடியாது. எரியாமல் தப்பியவை கடைகளில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், வானொலிப் பதிவு நாடா, அண்ணாவிமார் கையால் எழுதிய கூத்துக் கொப்பி போன்ற சில்லறைகள்தான். நீர்கொழும்பிலிருந்து கற்பிட்டி வரை எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் அவை கறையானுக்குக் காத்துக் கிடக்கின்றன. சிங்களக் கொப்பியாக இருந்தாலும் சரி, தமிழாக இருந்தாலும் சரி, பழைய தாள் என்று போத்தல் பேப்பர்காரனுக்குப் போடுமுன் ஒரு தரம் திறந்து பாருங்கள். தமிழ்ப் பிரதிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வைக்க நூலகம் நிறுவனம் இருக்கிறது. கொப்பியைக் கொடுக்க மனமில்லாவிட்டால் படம் பிடிக்கவாவது விடுங்கள்.