அரண்மனை காண ஒரு நாள்

ஓய்வு நாளில் குடும்பத்தோடு வெளியூர் செல்வது தோட்டத் தொழிலாளர்க்கு அடிக்கடி வாய்ப்பதன்று. பணம் சேர்த்து, வண்டி பேசிப் புறப்படும் அந்த ஒரு நாள் வீணாகிவிடக் கூடாது.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், தோட்டப் பிள்ளைகள் சிலரை ஒரு பழைய அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். பழுதுபார்ப்புப் பணிக்காகக் கதவு பூட்டியிருந்தது. முன்கூட்டியே விசாரியாதது என் தவறு. திரும்பும் வழியில் ஒரு சிறுவன், "நாம் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால்தான் உள்ளே விடவில்லையா, ஐயா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரே நாளில் சென்று திரும்ப ஏற்ற ஊர், பேராக் மாநிலத்தின் அரச நகராகிய கோலகங்சார். ஈப்போவிலிருந்து சாலை வழியாகவும் இரயில் வழியாகவும் அங்குச் செல்லலாம். அரண்மனைகள் நகரை அடுத்த புக்கிட் சண்டான் பகுதியில் அருகருகே உள்ளன.

இஸ்தானா கெனாங்கான் 1926-இல் கட்டப்பட்டது. ஆணியின்றி மரத்தை மரத்தோடு பொருத்தி, பின்னிய மூங்கிலால் சுவர் அமைத்திருக்கிறார்கள். வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்னும் மாநில நிறங்கள் சுவர்களை அழகுசெய்கின்றன. அண்மையில் உள்ள இஸ்கந்தரியா அரண்மனை 1933-இல் கட்டி முடிக்கப்பட்டது. அது சுல்தானின் அதிகாரபூர்வ இல்லமாதலால் உள்ளே செல்ல இயலாது. வாயிலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். இஸ்தானா ஹூலு என்னும் மற்றோர் அரண்மனை சுல்தான் அஸ்லான் ஷா காட்சிக்கூடமாக விளங்குகிறது. 1917-இல் நிறைவுற்ற உபுடியா பள்ளிவாசலும் அருகிலேயே இருக்கிறது.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை சில உள.

முதலாவது, திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கட்டணத்தையும் தொலைபேசியில் கேட்டறியுங்கள். மரக்கட்டடங்கள் பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதுண்டு. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். பள்ளிவாசலுக்குள் செல்ல விரும்பினால் முதலில் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள். எளிதில் கழற்றக்கூடிய காலணி நல்லது.

மூன்றாவது, காலையிலேயே சென்று சேருங்கள். வெயில் ஏறுமுன் முதியோர் களைப்பின்றிச் சுற்றிப் பார்க்கலாம். குடிநீரும் குடையும் கையிலிருக்கட்டும். கட்டுச்சோற்றை ஆற்றங்கரையில் உண்டு, குப்பையைக் கையோடு எடுத்து வாருங்கள்.

நான்காவது, உள்ளே எதையும் தொடாதீர்கள். மூங்கிற் சுவரில் சாயாதீர்கள். படமெடுக்கலாமா என்று கேட்ட பின்னரே எடுங்கள்.

ஐந்தாவது, பிள்ளை ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். "ஆணியில்லாமல் வீடு எப்படி நிற்கிறது?" என்று தேடிப் பார்க்கும் பிள்ளை அதை மறவாது.

திரும்புமுன் மாவட்ட அலுவலகத்தின் அருகே சற்று நில்லுங்கள். அங்கே வேலியிட்டுக் காக்கப்படும் முதிய இரப்பர் மரம் ஒன்று உண்டு. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1877-இல் இவ்வூரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய மரமாக இது போற்றப்படுகிறது. நாம் நாள்தோறும் பால் வெட்டும் மரங்களின் மூதாதையர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது அது.

அரண்மனை ஆட்சியின் வரலாற்றைச் சொல்கிறது. அந்த மரம் உழைப்பின் வரலாற்றைச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஊரில் நிற்கின்றன. அன்று அச்சிறுவனுக்கு நான் சொல்லத் தவறிய விடை இதுவே. உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று நேரில் காட்டுங்கள்.