வளர்ப்பறைக்கு எத்தனை டன் குளிர்சாதனம்?

மூடிய அறையில் விளக்கொளியில் கீரை வளர்க்கவும், குளிரூட்டிய கூடத்தில் காளான் வளர்க்கவும் கடன் கோரி வரும் திட்ட அறிக்கைகளில், விதை, தட்டு, விளக்கு, விற்பனை ஆகியவை விரிவாக எழுதப்பட்டிருக்கும். குளிர்சாதனம் மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரி தவறினால் பயிர் வாடும், மின்கட்டணம் உயரும், கடன் தவணையும் தடைப்படும். எனவே, அந்த வரியை எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதை மைசூருவின் தட்பவெப்பத்தை வைத்து இங்கே விளக்குகிறோம்.

முதல் முடிவு பயிரைப் பற்றியது

மைசூரு கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த நகரம். ஏப்ரல் மாதப் பகலில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை நெருங்கினாலும் இரவு தணிந்துவிடும். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வரை போதும். ஈரச் சாக்கும் நல்ல காற்றோட்டமும் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதியில் குளிர்சாதனமின்றியே அதை வளர்க்கலாம். மொட்டுக் காளான் காய்ப்புக்கு வர 14 முதல் 18 டிகிரி வேண்டும். நீலகிரி மலை இயற்கையாகத் தரும் அந்தக் குளிரை மைசூருவில் மின்சாரம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே பயிரைத் தேர்ந்தெடுக்கும்போதே செலவின் பெரும்பங்கு முடிவாகிவிடுகிறது.

சதுர அடிக் கணக்கு ஏன் போதாது?

ஒரு டன் குளிர்சாதனத் திறன் என்பது ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்த்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு, ஏறத்தாழ 3.5 கிலோவாட். கடைகளில் 120 சதுர அடிக்கு ஒரு டன் என்பார்கள். அது மனிதர் வசிக்கும் அறைக்கான கணக்கு. வளர்ப்பறையில் வெப்பத்தைத் தருபவை விளக்குகளே. எல்.இ.டி. விளக்கு சூடாகாது என்பது பாதி உண்மை. அது உண்ணும் மின்சாரம் முழுவதும், ஒளியாக வெளிப்பட்டாலும், இறுதியில் அறைக்குள் வெப்பமாகவே முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையில், ஐந்தடுக்குத் தட்டுகளில் லெட்யூஸ் வளர்ப்பதாகக் கொள்வோம்.

விளக்குகள் (100 வாட் வீதம் 80): 8 கிலோவாட்
மின்விசிறி, நீரேற்றி: 0.8 கிலோவாட்
வெப்பம் கடத்தாப் பலகைச் சுவர், கூரை வழியே: 0.5 கிலோவாட்
பணியாளர், கதவு திறப்பு: 0.3 கிலோவாட்
மொத்தம்: 9.6 கிலோவாட்

இதை 3.5-ஆல் வகுத்தால் சுமார் 2.75 டன். கூடுதலாக 15 சதவீதம் சேர்த்தால் 3.2 டன். சதுர அடிக் கணக்கு காட்டுவதோ 2.5 டன். வெறும் கான்கிரீட் கூரையாக இருந்தால் வெயிலின் வெப்பம் இன்னும் ஏறும். மேலும், பொறியின் திறன் அறை 27 டிகிரியிலும் வெளிப்புறம் 35 டிகிரியிலும் இருக்கும்போது அளக்கப்படுவது. அறையை 22 டிகிரியில் வைத்தால் அத்திறன் குறையும். எனவே டன் என்ற பெயரை நம்பாமல், நட்சத்திர முத்திரைச் சீட்டில் அச்சிட்டுள்ள வாட் அளவைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஈரம் என்னும் மறைவான சுமை

ஒரு லிட்டர் நீர் இலை வழியே ஆவியாக 0.68 யூனிட் வெப்பம் செலவாகிறது. இது விளக்கின் வெப்பத்திலிருந்தே எடுக்கப்படுவதால் மொத்தச் சுமை கூடுவதில்லை; ஆனால் அதன் ஒரு பங்கு ஈரமாக மாறிவிடுகிறது. விளக்கணைந்த பின்னும் செடிகள் ஈரத்தை வெளியிடும். அப்போது அறை குளிர்ந்தே இருப்பதால் பொறி நின்றுவிடும். ஈரம் தேங்கி, பூஞ்சை பரவும். பெரிய பொறியாக வாங்கினால் இத்தொல்லை அதிகரிக்கும். அது விரைவில் குளிர்வித்துவிட்டு, ஈரத்தை நீக்கும் முன்னரே நின்றுவிடும். ஈரப்பதம் நீக்கும் கருவியைத் தனியே பொருத்துவோர், அக்கருவி வெளியிடும் வெப்பத்தையும் மேற்கண்ட கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டு

நான்கு டன் பொறி ஒன்றைவிட, இரண்டு டன் பொறிகள் இரண்டு பாதுகாப்பானவை. ஒன்று பழுதானாலும் பாதி விளக்குகளை எரித்துப் பயிரைக் காப்பாற்றலாம். குளிர்சாதனம் நின்று 8 கிலோவாட் விளக்குகள் மட்டும் எரிந்தால், மூடிய அறை சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும். ஆகவே வெப்பம் வரம்பு மீறினால் விளக்குகளைத் தானாக அணைக்கும் கருவி கட்டாயம் தேவை. விளக்குகளை மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரை எரித்தால், மைசூருவின் இரவுக் குளிர் பொறியின் பளுவைக் குறைக்கும்.

கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்

இந்த அறைக்கு விளக்கு, குளிர்சாதனம், விசிறி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 யூனிட், மாதம் 6,000 யூனிட் மின்சாரம் செலவாகும். கணக்குக்காக யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 48,000 ரூபாய். இத்தொகையைத் தாண்டித் தவணை கட்ட வருவாய் மிஞ்சுமா என்பதே திட்டத்தின் உயிர்நாடி. சாமுண்டேஸ்வரி மின் விநியோகக் கழகத்திடம் மும்முனை இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையையும், கட்டணப் பிரிவையும் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெப்பச் சுமைக் கணக்கு, குறைந்தது இரண்டு விலைப்புள்ளிகள், மாற்று மின்சார ஏற்பாடு, காப்பீடு ஆகியவற்றைத் திட்ட அறிக்கையுடன் இணைத்துத் தாருங்கள். வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தில், தகுதி பெறும் கடன்களுக்கு 2 கோடி ரூபாய் வரை, அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. உங்கள் திட்டம் அதற்குப் பொருந்துமா என்பதையும், அத்திட்டத்தின் தற்போதைய நிலையையும் கிளையில் கேட்டறியலாம். பொறிக்கு விலைப்புள்ளி வாங்கும் முன்பே வெப்பச் சுமைக் கணக்குடன் எங்களை அணுகினால், கடன் தொகையைத் தேவைக்கேற்ப வரையறுக்க எங்களால் உதவ இயலும்.