மழை இரவில் சாலை கடக்கும் தவளைகள்

ஐப்பசி மழை இறங்கிய இரவுகளில், முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறும் சாலையில் செல்வோர், வண்டி விளக்கின் ஒளியில் சருகுகள் துள்ளுவதைக் காண்பர். அவை சருகுகள் அல்ல, தவளைகளும் தேரைகளுமே. மறுநாட் காலையில் அவற்றுள் பல நசுங்கிக் கிடக்கக் காண்கிறோம்.

அவை சாலைக்கு வருவது ஏன்? பெரும்பாலான தவளைகளின் முட்டைக்கு நீர் இன்றியமையாதது; முட்டைக்கு ஓடு இல்லாமையால் வெயிலில் உலர்ந்துவிடும். ஆதலின் மண்ணிலும் சருகிலும் வாழும் இவை, மழை பெய்ததும் ஓடையையும் குட்டையையும் நாடிப் புறப்படுகின்றன. இடையே நமது சாலை கிடக்கிறது. முட்டை சுமந்த பெட்டை ஒன்று நசுங்கினால், அதன் சந்ததியும் உடன் அழிகிறது.

நம் மலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனைப் பகுதியில் கிடைத்த ஊதாநிறத் தவளை 2003-ல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாழ்ந்து, இனப்பெருக்கத்திற்காகச் சில நாட்களே அது வெளிவருகிறது. இத்தகைய உயிருக்கு அந்தச் சில நாட்களின் இழப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தவளை இரவெல்லாம் பூச்சிகளைத் தின்று உழவருக்குக் கூலியின்றி உழைக்கிறது. 1987-ல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்ததும் இவ்வுயிர்களைக் காக்கவே. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில், தவளையின் இனத்தைச் சார்ந்த சாலமாண்டர் என்னும் வாலுள்ள உயிர்கள் கடப்பதற்காகச் சாலைக்கடியில் இரண்டு சிறு சுரங்கங்கள் அமைக்கப்பட்டன. அவற்றை வாயிலுக்குச் செலுத்தத் தாழ்ந்த வேலிகளும் இடப்பட்டன.

போடிமெட்டுச் சாலை தேசிய நெடுஞ்சாலை. அது ஊராட்சியின் பொறுப்பில் இல்லை. ஆயின் நம் ஊராட்சிச் சாலைகளில் சிறுபாலங்கள் பல உள்ளன. மழைக்கு முன்பே அவற்றில் அடைந்த மண்ணையும் பிளாஸ்டிக் குப்பையையும் அகற்றினால், தவளைக்கு அடிவழி கிடைக்கும். வெள்ளம் சாலையை அரிப்பதும் குறையும். புதிய சாலை போடும்போது ஓடையோரத்தில் சிறுபாலம் ஒன்றைத் திட்டத்தில் சேர்க்கக் கோரலாம். ஓரச்சுவர் கட்டுமிடத்தில் ஆங்காங்கே இடைவெளி விடலாம்.

ஏலத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மழையிருட்டில் வேகத்தைக் குறையுங்கள். அது தவளைக்கு மட்டுமன்று, வண்டியில் அமர்ந்திருக்கும் நம் மக்களுக்கும் காப்பாகும். அடுத்த ஊராட்சிக் கூட்டத்திலேயே இதனைப் பேசி, சிறுபாலங்களைத் துப்புரவு செய்ய நாள் குறிப்போமாக.